ஆறு டிரம் கஞ்சி

கஞ்சி காய்ச்சத்தான் எனக்குச் சம்பளம் என்று தொட்டியக்கா வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். பாதி உண்மைதான். துணிக்குச் சாயம் ஏற்றி அலசி அனுப்புகிற பட்டறை அது. அலசின தண்ணீரெல்லாம் பின்பக்கம் மூன்று சிமெண்டுத் தொட்டிகளுக்கு வந்து சேரும். அதைத் தெளியவைத்து வாய்க்காலில் விடுவது அவள் வேலை. ஒன்பது வருஷமாக அதையே செய்வதால் வயதில் மூத்தவர்கள்கூட அவளைத் தொட்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

முன்பெல்லாம் படிகாரமும் சுண்ணாம்பும்தான். தண்ணீர் தெளியும், ஆனால் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சேறு நிற்கும். அதை வாளி வாளியாக வாரி, பின்னால் மணல் பரப்பின பாத்தியில் கொட்டிக் காயவைக்க வேண்டும். சுண்ணாம்பு பட்டு நகக்கண்ணெல்லாம் வெடித்துவிடும். வீட்டில் சோறு பிசையும்போது எரியும். கரண்டியால் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

போன வருஷம் மானேஜர் ஒருவரைக் கூட்டிவந்தார். தோளில் ஒரு பை, பை நிறைய பாட்டில். அதனால் பாட்டில் சார். அவர் கொண்டுவந்து இறக்கின மூட்டையைப் பிரித்தால் வெள்ளை வெளேரென்று மாவு.

"மக்காச்சோளத்துல எடுத்த மாவும்மா. அழுக்கைப் பிடிச்சு இழுக்குற மாதிரி கொஞ்சம் பக்குவம் பண்ணியிருக்கோம். கஞ்சியாக் காய்ச்சி தொட்டில கலந்தா, படிகாரம் கால்வாசி போதும்."

"சாப்பிடுற பொருளைப் போயி சாக்கடையில கொட்டவா சார்?"

"கொட்டித்தான் பாருங்களேன்."

ஒரு கண்ணாடிக் குவளையில் நீலத் தண்ணீரை மொண்டு, துளி படிகாரம் போட்டு, ரெண்டு கரண்டிக் கஞ்சியை விட்டுக் கலக்கினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பால் திரிகிறமாதிரி தண்ணீருக்குள் பொடிப்பொடியாக ஏதோ திரண்டது. பொடியும் பொடியும் ஒட்டிக்கொண்டு பஞ்சுத் துணுக்காகி, அவசரமே இல்லாமல் கீழே இறங்கின. கால் மணி நேரத்தில் மேலே இருந்த தண்ணீர் வழியாக எதிர்ச்சுவரின் விரிசல் தெரிந்தது. தொட்டியக்கா குவளையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டே விஷயம்தான். அன்னன்னைக்குக் காய்ச்சுங்க. மிஞ்சினதை வாய்க்கால்ல விட்றாதீங்க. மணல் பாத்தியில ஊத்திடுங்க."

"ஏன் சார், இது விஷமா?"

"விஷம் இல்ல. சாப்பாடு. அதனாலதான் சொல்றேன்."

அவளுக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம் கேட்கக் கூச்சமாக இருந்தது. தலையாட்டிவைத்தாள்.

வேலை கைக்குள் வந்துவிட்டது. பாட்டில் சார் காய்ச்சினால் கட்டி விழும். இவள் காய்ச்சினால் நூல் பிடித்தமாதிரி ஒழுகும். சேறு பாதிக்கும் கீழே குறைந்தது. மானேஜர் வருகிறவர் போகிறவரையெல்லாம் பின்பக்கம் கூட்டிவந்து தெளிந்த தண்ணீரைக் காட்டினார். அவள் ஒதுங்கி நின்று முந்தானையில் கை துடைத்துக்கொள்வாள். அந்த நேரத்தில் உள்ளே ஒரு பூரிப்பு இருக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

பட்டறையில் இதை ரசிக்காத ஆள் ஒருவர்தான், சாயக்காரர். வண்ணம் கலக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு துணித் துண்டைக் காட்டினால் கண்ணாலேயே அளந்து, அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடுவார். வாய்தான் சும்மா இருக்காது.

"என்ன தொட்டியக்கா, பந்திக்கு இலை போட்டாச்சா? கஞ்சி ரெடியா?"

சாப்பாட்டுக் கொட்டகையில் நாற்பது பேர் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். "உங்களுக்கு ஒரு சொம்பு எடுத்து வச்சிருக்கேண்ணே" என்று திருப்பியும் கொடுப்பாள். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும்போது அது மறுபடி காதில் விழும்.

மழைக்காலம் முடிகிற சமயம், பெரிய சரக்கு ஒன்று வரப்போகிறது என்றார்கள். முந்தின நாளே காய்ச்சிவைத்துவிட்டால் காலையில் ஓட வேண்டாம் என்று தொட்டியக்கா ஆறு டிரம் நிறையக் காய்ச்சினாள். யாரும் சொல்லவில்லை. அவளாகச் செய்ததுதான். மறுநாள் அலசுகிற இயந்திரத்தின் மோட்டார் எரிந்துபோனது. மூன்று நாள் பட்டறை ஓடவில்லை.

நாலாம் நாள் மூடியைத் திறந்தாள். புளிப்பு வாடை முகத்தில் அறைந்தது. மேலே நுரை, கீழே நீர்த்துப்போன வெள்ளை. ஆறு டிரம்மும் அப்படியே. மணல் பாத்தியில் மழைத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அது வடிந்து காய ஐந்தாறு நாளாவது ஆகும். அதுவரை இந்த டிரம்கள் இங்கேயே நிற்க வேண்டும். எல்லோரும் பார்ப்பார்கள். சாயக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டகையில் என்ன சொல்வார் என்பது அவளுக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும்.

சாப்பாட்டு மணி அடித்தது. பின்பக்கம் யாருமில்லை.

மாவுதானே என்று நினைத்தாள். சாயமா, அமிலமா? போகிற வழியில் மீனுக்கு இரையானாலும் ஆகும். டிரம்மைச் சாய்த்து விளிம்பில் உருட்டிக்கொண்டு போய் வாய்க்காலில் கவிழ்த்தாள். ஒன்று, இரண்டு, ஆறும். பத்து நிமிஷம் ஆனது. கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, கொட்டகைக்கு வந்து எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

வாய்க்கால் முக்கால் மைல் போய் ஒரு குளத்தை ஒட்டி ஓடும்; மதகு வழியாகக் குளத்துக்குத் தண்ணீர் பாயும். குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்பவர் அவள் கணவனுடைய அண்ணன்.

மூன்றாம் நாள் விடிந்தும் விடியாமல் ஓரகத்தி வந்து கதவைத் தட்டினாள். தலை கலைந்திருந்தது. "மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. உங்க மாமா தண்ணிக்குள்ள இறங்கி நின்னுட்டு வரவே மாட்டேங்குறார். வாங்களேன்."

தொட்டியக்காவின் கணவன் தையல்காரன். கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே ஓடினான். இவள் பின்னால் ஓடினாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வாய் திறப்பதும் நின்றுவிட்டது. குளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை வெள்ளை வயிறு. ஆள் கை நீளத்துக்கு வளர்ந்தவை. இன்னும் மூன்று வாரத்தில் பிடிக்க வேண்டியவை. மூத்தவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஒரு மீனைக் கையில் ஏந்தி முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தார். அசைத்தால் செவுளில் தண்ணீர் ஏறிப் பிழைக்குமென்று.

"மாமா, மேல வாங்க" என்றாள் தொட்டியக்கா. 

அன்று முழுக்க வாரினார்கள். கூடையில் அள்ளி, கரை மேல் வெட்டின குழியில் கொட்டினார்கள். வெயில் ஏற ஏற நாற்றம் தாங்கவில்லை. போதும் போ என்று யார் சொல்லியும் தொட்டியக்கா நிறுத்தவில்லை. மீன் துடுப்பு கீறிக் கையெல்லாம் ரத்தம்.

"முந்தாநாள் சாயங்காலம் நான் என் கண்ணால பாத்தேன்" என்றாள் ஓரகத்தி. "அந்தச் சாயக்காரன் வாய்க்கால் ஓரத்துல உக்காந்து வாளி கழுவிட்டிருந்தான். கையெல்லாம் சிவப்பு. அவன்தான் எதையோ விட்டிருக்கான்."

மூத்தவர் குனிந்து கத்தியை எடுத்தார். எதனால் செத்தது என்று பார்க்க ஒரு மீனின் வயிற்றைக் கீறியவர், உள்ளே பார்த்துவிட்டுச் சட்டென்று குழியில் எறிந்தார். பக்கத்தில் கூடையோடு நின்ற தொட்டியக்கா பார்த்துவிட்டாள். குடல் புடைத்து, வெள்ளையாகக் கூழ். அவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஓரகத்தியும் குளத்தில் மீன் பிடிக்கிறவர்களுமாகப் பத்துப் பேர் பட்டறை வாசலில் வந்து நின்று கத்தினார்கள். மானேஜர் பாட்டில் சாரை வரவழைத்தார். அவர் குளத்துத் தண்ணீரில் ஒரு கருவியை விட்டுப் பார்த்தார், பாட்டில்களில் மொண்டுகொண்டார். நேராகப் பின்பக்கம் வந்தார்.

"சாயம் மாதிரி தெரியலம்மா. தண்ணியில மூச்சுக்காத்தே இல்ல. எதோ அழுகுற பொருள் நிறையப் போயிருக்கு. அதைத் தின்ன கிருமி பெருகி, இருக்குற காத்தையெல்லாம் இழுத்துக்கிச்சு. மீனுக்கு மூச்சு முட்டிப்போச்சு." கையிலிருந்த பாட்டிலின் மூடியைத் திருகினார். "கஞ்சி ஏதாவது போச்சா?"

விஷம் இல்லை, சாப்பாடு, அதனாலதான் என்று அவர் அன்றைக்குச் சொன்னது அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று.

"இல்ல சார்" என்றாள். "அன்னன்னைக்குத்தான் காய்ச்சுறேன்."

அவர் அவளை நம்பினார். அதுதான் கொடுமை. "உங்களை எனக்குத் தெரியாதா. கேக்கணும்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் நின்றவர்களுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. மானேஜருக்கும் அவர்கள் கலைந்துபோனால் போதும். பார்த்த சாட்சி இருக்கிறதே என்று, விசாரித்து முடிக்கும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சாயக்காரரை அனுப்பிவிட்டார். அவர் கொட்டகைக்குள் வந்து தன் டப்பாவை எடுத்தபோது ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் வாய்க்குச் சிரித்த நாற்பது பேரும்தான். ஒருவன் மட்டும், "குளத்துல மீன் பிடிக்கிறவனும் நம்மள மாதிரி வேலைக்காரன்தானய்யா" என்றான்.

அன்று சாயங்காலம் அவர் தொட்டியக்கா வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. படியிலேயே நின்றார். விரல் இடுக்குகளில் முப்பது வருஷச் சாயம். எத்தனை தேய்த்தாலும் போகாதது.

"தொட்டி ரூம் ஜன்னல்ல இருந்து பாத்தா நான் கழுவுற இடம் தெரியும். அன்னைக்கு நீ அங்கதான் இருந்த. வாளியை நான் உள்வடிகால்லதான் கழுவினேன். அது உன் தொட்டிக்குத்தான் வரும். வாய்க்கால்ல கை மட்டும்தான் அலம்பினேன். பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. போதும்."

அவள் பார்த்திருந்தாள். அவர் சொன்னது அத்தனையும் நிஜம்.

"நான் பாக்கலையேண்ணே" என்றாள்.

"ஜன்னல் பக்கத்துல நின்னுட்டிருந்தியேம்மா."

"கவனிக்கலண்ணே."

 அவர் சரி என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். கிண்டலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதன்பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறையில் கஞ்சி காய்ச்சும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அளவைக் குறைத்துக் குறைத்துக் காய்ச்சினாள். கடைசியில் தண்ணீர் சரியாகத் தெளியாமல் மானேஜர் கேட்கிற அளவுக்கு வந்தது. சாயக்காரர் இல்லாமல் இரண்டு சரக்கு நிறம் மாறித் திரும்பி வந்தது. எட்டாம் நாள், தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த கணவனிடம் சொல்லிவிட்டாள். மிதித்துக்கொண்டிருந்த அவன் கால் நின்றது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

"அந்த மனுஷன் வீட்டுல உக்காந்திருக்காருங்க."

"அவர் வேற வேலை பாத்துப்பார். கைத்தொழில் தெரிஞ்சவர். அண்ணன் என் கூடப் பொறந்தவன். நாளைக்கு அவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? வேணும்னா செஞ்ச? தெரியாம நடந்தது. விட்டுடு."

"தெரியாமத்தான் கொட்டினேன். ஆனா பாக்கலைன்னு தெரிஞ்சேதானே சொன்னேன்."

 அவன் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தான். மூன்று தடவை தவறியது.

பதினோராம் நாள் விடுமுறை. குளத்தை இறைத்துச் சுத்தம் செய்ய எல்லோரும் போயிருந்தார்கள். மத்தியானம் கரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது, ஓரகத்தி தன் தட்டிலிருந்த கறித்துண்டை எடுத்து இவள் தட்டில் வைத்தாள்.

"நீ அன்னைக்குக் கையெல்லாம் ரத்தமா அந்த மீனை வாரினியே, எனக்குக் கூடப் பொறந்தவ இருந்தாக்கூட அப்படிச் செஞ்சிருக்க மாட்டா. இவர்கிட்டயும் சொன்னேன். உன்னை மாதிரி ஒருத்தி அங்க தொட்டியைப் பாக்குறதாலதான் இத்தனை வருஷம் நம்ம குளம் நல்லா இருந்துச்சுன்னு."

தொட்டியக்கா தட்டைக் கீழே வைத்தாள். கணவன் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தான்.

"அக்கா, நான்தான் விட்டேன்" என்றாள். "கஞ்சி. ஆறு டிரம். கெட்டுப்போச்சு. அந்தச் சாயக்காரர் பாத்தா சிரிப்பாரேன்னு யாரும் இல்லாதப்போ வாய்க்கால்ல கவுத்துட்டேன். அவர் ஒண்ணும் செய்யல. அவர் கை அலம்பினதை நான் பாத்தேன்."

ஓரகத்தி புரியாமல் சிரிக்கப் பார்த்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. அவளிடமிருந்து வரப்போகிற வார்த்தைக்காகத் தொட்டியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் பேசினது மூத்தவர்.

"எனக்குத் தெரியும்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு சாயங்காலம் வெள்ளையா வந்துச்சு. புளிச்ச வாடை. மீனெல்லாம் மதகடியில வந்து மொய்ச்சுச்சு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி. சும்மா கிடைக்கிற தீனின்னு நெனச்சேன். மதகுப் பலகையைத் தூக்கினேன். ரெண்டு பலகை. முழுசும் உள்ள வரட்டும்னு." அவர் சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். "பலகையை எறக்கி இருந்தா வாய்க்காலோட போயிருக்கும். வயித்தைக் கீறினப்பவே தெரிஞ்சுபோச்சு. சொன்னா, நீதானே தொறந்தன்னு கேப்பாங்க. அந்த ஆள் பேரு அடிபட்டுச்சா, பேசாம இருந்துட்டேன்."

ஓரகத்தி எழுந்து போய்த் தண்ணீர் இல்லாத குளத்தைப் பார்த்து நின்றுகொண்டாள். "நானில்ல போயி கத்தினேன் வாசல்ல" என்றாள், அவர்கள் பக்கம் திரும்பாமலே. "அவன் பொண்டாட்டி வந்து என் கையைப் பிடிச்சா. நான் உதறிவிட்டேன்."

கையைக் கழுவிவிட்டு மூத்தவரும் தொட்டியக்காவும் புறப்பட்டார்கள்.  சாயக்காரர் வீட்டில் ஜன்னல் சட்டத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். தூரிகையைக் கீழே வைக்காமலே இருவர் சொன்னதையும் கேட்டார். அவர் மனைவி கதவோரம் நின்றிருந்தாள்.

கேட்டு முடித்ததும் மூத்தவரைப் பார்த்து, "உங்க மீன் போச்சு. உங்களை நான் என்ன சொல்ல" என்றார். பிறகு தொட்டியக்கா பக்கம் திரும்பினார். "கஞ்சியைக் கொட்டினது தெரியாம செஞ்சது. நான் சிரிப்பேன்னு பயந்தேங்குற, அதுல எனக்கும் பங்கு இருக்கு. ஆனா நான் வந்து உன் வாசல்ல நின்னு கேட்டேனே, அப்ப என்ன சொன்ன?"

"பாக்கலைன்னு சொன்னேண்ணே."

"அது எனக்கு ஆறாதும்மா. நீ நல்லவதான். ஆனா அது ஆறாது."

"சரிண்ணே" என்றாள். வேறென்ன சொல்ல?

மறுநாள் மூன்று பேரும் மானேஜர் அறையில் நின்றார்கள். மானேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. இது நம்ம நாலு பேரோட இருக்கட்டும். இவர் இன்னைக்கே வேலைக்கு வரட்டும். விசாரிச்சோம், ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடலாம். உன்னைத் துணி மடிக்கிற பக்கம் போட்டுர்றேன். வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம். என்ன?"

மூத்தவர் சாயக்காரரைப் பார்த்தார். சாயக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை கிடைத்துவிட்டது; வாயைத் திறந்து இதற்கு மேல் கேட்க அவருக்கு மனமில்லை. தொட்டியக்காவுக்கு ஒரு கணம் உடம்பெல்லாம் லேசானது. இவ்வளவு சுலபமாகவா என்று இருந்தது. அந்த லேசு வந்தவுடனே அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"வேண்டாம் சார்" என்றாள். "அவரை எல்லார் முன்னாடியும்தானே அனுப்பினீங்க."

சாப்பாட்டு மணி அடித்தபோது அவள் கொட்டகைக்குப் போனாள். டப்பா எடுத்துப்போகவில்லை. நீள மேசைகளில் எல்லோரும் உட்கார்ந்து மூடிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். சாயக்காரர் கடைசியாக வந்து வாசலோரம் இருந்த மேசையில் தனியாக உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவன் கொஞ்சம் நகர்ந்துகொண்டான்.

அவள் நடுவில் வந்து நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது.

"குளத்துல மீன் செத்தது என்னால" என்றாள்.

ஒரு மூடி தரையில் விழுந்து சுற்றி நின்றது. அவள் சொல்லிக்கொண்டே போனாள். எத்தனை டிரம் என்று, எந்த நேரம் என்று, எதற்குப் பயந்து என்று. பாட்டில் சார் கேட்டபோது சொன்ன பொய். சாயக்காரர் வந்து கேட்டபோது சொன்ன பொய்.   சொல்லி முடித்தாள். உட்கார் என்றோ, போ என்றோ ஒருவரும் சொல்லாததால் அவள் அங்கேயே நின்றாள்.

வாசலோர மேசையில் சாயக்காரர் தன் டப்பாவின் மூடியைத் திறந்தார். நகர்ந்து உட்கார்ந்திருந்தவன் தன் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் தள்ளினான். அவர் அதை எடுத்துக் கை கழுவினார். யாரையும் பார்க்காமல், அவசரமில்லாமல், சாப்பிடத் தொடங்கினார்.

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டிருந்தாள்.